கொப்பரைக்குள்ள இருந்த கோட்டு

எட்னாவுக்கு அவ தங்கச்சி மேல பொறாமைன்னு யாராவது சொல்லியிருந்தா, அந்தச் சனிக்கிழமை வரைக்கும் நான் அவங்க மூஞ்சியிலயே துப்பியிருப்பேன். பெத்தவ செத்த அன்னைக்கு ரெண்டு வயசுப் புள்ளையைத் தூக்கி இடுப்புல வெச்சவ அவ. பதினாலு வருஷமா இறக்கி வைக்கல. அப்படி வளத்த புள்ள மேல பொறாமையா? ஆனா நடந்ததைக் கண்ணால பாத்தவ நான். அதனால சொல்றேன்.

எங்க வீடும் வால்ட்டர் வீடும் ஒட்டு வீடு. நடுவுல ஒத்தைச் செங்கல் சுவர், அங்க கெட்டிலை வெச்சா இங்க கேக்கும். வால்ட்டர் எங்க மில்லுல தறி மேஸ்திரி. தறி மக்கர் பண்ணினா ஸ்பானரும் கையுமா வந்து தறியடியில படுத்துக்குவாரு. மூத்த மக எட்னா, முப்பது வயசு, எனக்கு எதிர் வரிசைத் தறிக்காரி. சின்னவ பெரில், பதினாறு. மில்லு வாடையே ஆகாதுன்னுட்டு செருப்புக் கம்பெனிக்குப் போனவ. நான் ஹில்டா, பக்கத்து வீட்டுக்காரி. எனக்குப் புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. வாய் மட்டும் இருக்கு.

வேக்ஸ் வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. வேக்ஸ்னா வருஷத்துக்கு ஒரு வாரம் மில்லு லீவு. அது வந்துட்டா எங்க ஊர் மில்லு அத்தனையும் ஒரே நாள்ல பூட்டிடுவான். ஊரே பெட்டியைக் கட்டிக்கிட்டு பிளாக்பூல் கடற்கரைக்கு ரயிலேறிடும். இங்க எந்தத் தெருவோ, அங்கயும் அதே மூஞ்சிங்கதான். நான் இருபது வருஷமா ஒரே விடுதியில, ஒரே கட்டில்ல, ஒரே பள்ளத்துல படுத்துட்டு வர்றேன்.

அன்னைக்கு வால்ட்டர் சேப்பலுக்கு ஜெபம் பண்ணப் போயிருந்தாரு. எட்னா சமையல்கட்டுல உருளைக்கிழங்கு சீவிட்டிருந்தா. நான் பட்டாணி உரிச்சுக் குடுத்திட்டிருந்தேன். பெரில் துணி வெளுக்கற கொப்பரை மூடியைத் திறந்து, உள்ள கையை விட்டு, பழைய பெட்ஷீட்டுல சுத்தின ஒரு மூட்டையை எடுத்தா. துணி வெளுக்கற நாள் திங்கக்கிழமை, அதுக்கு முன்னாடி அந்தக் கொப்பரையை யாரும் தொடமாட்டாங்க. ஆம்பளைங்க திங்கக்கிழமையும் தொடமாட்டாங்க.

மூட்டைக்குள்ள ஒரு கோட்டு. கரு நீலக் கம்பளி, முட்டி தொடற நீளம், காலருக்குக் கறுப்பு வெல்வெட். போட்டுக்கிட்டு அடுப்பு முன்னாடி வந்து நின்னா.

"எப்படி இருக்கு ஹில்டா அத்தை?"

"எங்க தாத்தா எழவுக்குப் போட்டுட்டுப் போற கோட்டு மாதிரி இருக்கு."

"அப்ப உங்க தாத்தா சரியான ஸ்டைல் ஆளு."

"இது ஆம்பளை கோட்டுடி."

"ஆம்பளை கோட்டுதான். என் கூட்டாளிங்க பாலினுக்கு ஒண்ணு, ஷெய்லாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மார்க்கெட் தெரு தையல்காரரு மூணு மாசமா தச்சாரு. மூணு பேரும் இதைப் போட்டுக்கிட்டு பிளாக்பூல்ல கைகோத்து நடந்தோம்னா, அந்த ஊர்க் கோபுரமே எங்களைத் திரும்பிப் பாக்கும்."

"உங்கப்பாவும் திரும்பிப் பாப்பாரே?"

"நான்தான் உங்க கூட வரலையே. எங்களுக்குத் தனி ரூம் பாத்தாச்சு. சனிக்கிழமை, பத்தரை வண்டி. டிக்கெட் கூட வாங்கியாச்சு. அப்பாகிட்ட வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லுவேன். அவரு கத்தி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்."

எட்னா தலை நிமிராமக் கேட்டா: "அப்படி என்னதாண்டி நீங்க? சின்னப் புள்ளைங்களா, பொம்பளைங்களா?"

"ரெண்டும் இல்ல. நாங்க டீனேஜர். பேப்பர்லயே போட்டிருக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க காலத்துல அப்படி ஒரு ஜாதியே கிடையாது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல சின்னப் புள்ளை. திங்கக்கிழமை காலையில மில்லு வாசல்ல அம்மா கோட்டைப் போட்டுக்கிட்டு நிக்கற பொம்பளை. நடுவுல ஒரு சனி, ஒரு ஞாயிறு. அவ்வளவுதான்.

"உன் வயசுல நான்..." எட்னா ஆரம்பிச்சா.

"என் வயசுல நீ என்னைத் தூக்கிட்டு நின்ன. தெரியும் எட்னா. குண்டு விழுந்துச்சு, ரேஷன் கூப்பன் வாங்கின, அம்மா கோட்டை வெட்டித் தச்சுப் போட்டுக்கிட்ட. நூறு தடவை கேட்டாச்சு. நானா உன்கிட்ட வந்து என்னை வளக்கச் சொல்லிக் கேட்டேன்?"

அவ அதைக் கெட்ட எண்ணத்துல சொல்லல. சொல்லிட்டு, அக்கா கன்னத்துல நச்சுனு ஒரு முத்தம் குடுத்துட்டு, கோட்டை மடிச்சு மறுபடியும் கொப்பரைக்குள்ள வெச்சா. எட்னா கையில இருந்த கிழங்கைச் சீவிக்கிட்டே இருந்தா. கடைசியில பாத்தா அது சுண்டு விரல் அளவுக்கு ஆயிருந்துச்சு.

"அது கிழங்கா, பென்சிலா?"ன்னேன்.

"வாயை மூடிட்டு உரி ஹில்டா"ன்னா.

அந்த அம்மா கோட்டுக் கதை எனக்கும் தெரியும். எட்னாவுக்குப் பதினாறு நடக்கறப்பதான் அவ அம்மா நெஞ்சுச்சளியில போனா. சண்டைக்காலம். குண்டு போடற விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாதுன்னு தறிக்கூடத்துக் கூரைக் கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு மை அடிச்சிருந்தான், பட்டப்பகல்லயும் விளக்குதான். காலையில புள்ளையை எதிர் வீட்டுல விட்டுட்டு வருவா. அம்மாவோட காப்பிக்கலர் கோட்டைத் தன் உடம்புக்குப் புடிச்சுத் தச்சா. இன்னைக்கு வரைக்கும் அதேதான், பொத்தானை மட்டும் மூணு தடவை மாத்தியிருக்கா. டான்ஸுக்குப் போலாம்டின்னு நானே ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கேன். "புள்ளைக்கு இருமல்"னுவா.

அந்த வாரம் புதன்கிழமை.

தறி ஓடறப்ப பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. நாங்க உதட்டாலதான் பேசிக்குவோம். சத்தமே விடாம, வாயை நல்லா அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டுல வரைஞ்சு காட்டுவோம். நாலு தறி தாண்டி நிக்கறவளுக்கும் புரியும். அதுல ஒரே ஒரு ஆபத்துதான். காதை மூடிக்கச் சொல்லலாம், கண்ணை மூடிக்கச் சொல்ல முடியாது. அதனால சொந்த விஷயம் பேசறதுக்கு முன்னாடி, எதிர்ல நிக்கறவளுக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு ஒரு பார்வை பாத்துக்குவோம். பதினாலு வயசுல தறிக்கு வர்ற புள்ளைக்கு தறியில நூல் ஓட்டற நாடாவை மாத்தறதுக்கு முன்னாடியே அதைத்தான் சொல்லிக் குடுப்போம்.

மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். வெக்கைன்னா வெக்கை, முதுகுல வேர்வை ஓடுது, அதுமேல பஞ்சுத்தூசி ஒட்டிக்குது. எட்னா எனக்கு எதிர்ல நின்னுட்டு, தறியை விட்டு நிமிர்ந்து பேச ஆரம்பிச்சா.

"எங்க பெரில் வேக்ஸுக்கு எங்க கூட வரமாட்டாளாம்."

"தெரியும். நானும்தானே இருந்தேன்"ன்னேன் நான், உதட்டால.

"தனியாப் போறாளாம். அந்த ரெண்டு பொண்ணுங்களோட தனி ரூமாம். திங்கக்கிழமை துணி வெளுத்ததும் கோட்டை மறுபடியும் கொப்பரைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கா. ஆம்பளைக் கோட்டு. வெல்வெட் காலர்."

எனக்குத் தெரிஞ்ச கதையை எனக்கே எதுக்குச் சொல்றாளோன்னு இருந்துச்சு. அதுவும் வாயை அப்படி அகட்டி அகட்டி, செவிடிக்குச் சொல்ற மாதிரி. அப்புறம்தான் என் தோள் பக்கம் எண்ணெய் வாடை அடிச்சுது. திரும்பினேன். எனக்குப் பின்னாடி இருக்கற தறியடியில இருந்து எந்திரிச்சு, ஸ்பானரோட வால்ட்டர் நின்னுட்டிருந்தாரு. கண்ணு மக வாய் மேல. முப்பத்தஞ்சு வருஷம் தறிக்கூடத்துல இருந்த மனுஷன், ஒரு எழுத்து தப்பாது.

எட்னா ஒரு கையால வாயைப் பொத்திக்கிட்டா. ஐயோ பாவம், கவனிக்காம உளறிட்டாளேன்னு எனக்கு அவ மேல இரக்கமா இருந்துச்சு. என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டுச்சு.

சாயங்காலம் சுவர் வழியாக் கேக்க வேண்டிய அவசியமே இல்ல. ஆறாவது வீட்டுக்குக் கேட்டுது. நான் கிண்ணம் கடன் கேக்கற மாதிரி உள்ள போனேன்.

மேசையில உருளைக்கிழங்கு வெச்சுச் சுட்ட பலகாரம் தொடாம ஆறிக் கிடந்துச்சு. வால்ட்டர் கையில கோட்டு.

"இது என்ன?"

"கோட்டு" பெரில் சொன்னா.

"கோட்டுன்னு தெரியுது. யாரு போடறது? பேப்பர்ல வர்ற காலிப் பசங்க போடறது. என் மக இதை மாட்டிட்டு ஊர் முன்னாடி நடப்பாளா?"

"நடந்தா என்ன ஆயிரும்ப்பா? கோட்டு கடிக்குமா?"

"எதிர்த்துப் பேசாத!"

"நான் வாரம் முழுக்கப் பசையில கை வெந்து வேலை செய்யறேன். சம்பளக் கவரைப் பிரிக்காம எட்னா கையில குடுக்கறேன். கைச்செலவுக்கு நீங்க தர்றதுல சேத்துத் தச்சது இது. திருடினேனா?"

வால்ட்டர் கோட்டை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாரு. கோட்டு ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு தேச்சுப் பாத்தாரு. துணி கைக்கு வந்தா அந்த விரல் சும்மா இருக்காது. "துணி நல்ல துணிதான்"னு சொன்னாரு, கோவத்தோடவே. "ஆனா கம்பளி, நம்ம பருத்தி இல்ல. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன் நெய்தது."

"அடுப்புல போடப் போறீங்களா?" பெரில் அடுப்பை மறைச்சு நின்னா.

"நெய்த துணியை நெருப்புல போடறதுக்கு நான் என்ன பைத்தியமா? மில்லுல என் சாமான் பெட்டியில வெச்சுப் பூட்டிருவேன். வேக்ஸ் முடிஞ்சு மில்லு திறந்தப்புறம் பேசிக்கலாம். சனிக்கிழமை ஒன்பது மணி வண்டியில எங்க கூட வர்ற."

"வரமாட்டேன்."

"அப்ப வீட்டுலயே கிட."

"கிடக்கறேன்!"

கிடப்பாதான். மூணு பேரும் ஒரே மாதிரி நடக்கறதுக்குன்னு வருஷம் பூரா காத்திருந்ததுங்க. அதுல ஒருத்தி மட்டும் பள்ளிக்கூடத்து மழைக்கோட்டுல நின்னா, அவ கூட வந்தவ இல்ல, கூட்டிட்டு வந்த சின்னப் புள்ளை. எனக்கே அது புரிஞ்சுது. ஊரே காலியான ஒரு வாரம், கடை கூடத் திறந்திருக்காது, அவ அங்க தனியாக் கிடப்பா.

பெரில் அக்காகிட்டத் திரும்பினா. "நீதானே சொன்ன?"

"ஹில்டாகிட்ட பேசிட்டிருந்தேன். அப்பா பின்னாடி இருந்தது எனக்குத் தெரியாது."

"சத்தியமா?"

"எனக்குத் தெரியாது பெரில்."

"அவ மேல கோவப்படாத கண்ணு"ன்னு நான் வேற பரிஞ்சுட்டுப் போனேன். "அவர் குனிஞ்சு வேலை செஞ்சிட்டிருந்தாரு. யாருக்குத்தான் தெரியும்?"

எட்னா என்னைப் பாக்கல. பலகாரத்தை அறுத்து ஆளுக்கொரு தட்டுல வெச்சா. யாரும் சாப்பிடல.

வெள்ளிக்கிழமை. வேக்ஸுக்கு முந்தின நாள் மத்தியானமே தறியை நிறுத்திட்டு, அடியில கிடக்கற பஞ்சைக் கூட்டி, இரும்பைத் துடைச்சு எண்ணெய் போடணும். அந்த அமைதி காதுக்குள்ள குத்தும். சத்தம் நின்னாலும் எங்க உதடு நிக்காது, பழக்கத்துல ஊமையாவே பேசிட்டிருப்போம். மேஸ்திரிங்க எல்லாரும் வழக்கம்போல மூலைக் கடைக்கு பீர் குடிக்கப் போயிட்டாங்க. வால்ட்டர் பெட்டிச் சாவி எண்ணெய்க் கேன் அடியில இருக்கும். அது எட்னாவுக்குத் தெரியும்.

நான் முட்டி போட்டுக் கூட்டிட்டிருந்தேன். நிமிர்ந்து பாக்கறேன், சந்துல எட்னா நிக்கறா. ஏப்ரனைக் கழட்டிட்டு, அந்தக் கோட்டைப் போட்டிருந்தா.

கண்ணாடி எதுவும் எங்க கூடத்துல கிடையாது. வெளிச்சம் மட்டும் கூரையில இருந்து கொட்டுது. கையை ரெண்டு பக்கமும் தொங்கப் போட்டுக்கிட்டு, என்னைப் பாத்து உதட்டால கேட்டா: "எப்படி இருக்கு?"

பெரிலுக்கு அது தோள்ல கொஞ்சம் தொளதொளன்னு இருந்துச்சு. எட்னாவுக்கு அளவெடுத்த மாதிரி. தறி இழுத்த தோள் இல்லையா? இடுப்புல பொத்தான் எட்டாது, ஆனா தோள் அவ்வளவு அழகா உக்காந்திருந்துச்சு. வெல்வெட்டுக்கு மேல அவ கழுத்து நீளமாத் தெரிஞ்சுது. அவளுக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருக்கறதே அன்னைக்குத்தான் கவனிச்சேன்.

"நல்லா இருக்குடி"ன்னேன், நானும் உதட்டால. பொய் இல்ல.

அவ கண்ணுல தண்ணி நின்னுச்சு. கோட்டைக் கழட்டல. அதுக்கு மேல அம்மாவோட காப்பிக்கலர் கோட்டைப் போட்டு, கழுத்து வரைக்கும் பொத்தானைப் போட்டு, பெட்டியைப் பூட்டி, சாவியை இருந்த இடத்துல வெச்சுட்டு வெளிய நடந்தா. தங்கச்சிக்குத்தான் கொண்டு போறாள்னு எனக்கு மனசு குளுந்து போச்சு.

சனிக்கிழமை காலையில ஸ்டேஷன்ல நிக்க இடம் இல்ல. பெட்டி, புள்ளை, தகர வாளி, ஒருத்தன் கூண்டோட புறாவைக் கூடக் கொண்டு வந்திருந்தான். வால்ட்டர் மத்த மேஸ்திரிங்களோட முன்னாடி பெட்டியில ஏறிட்டாரு, சீட்டாட. எட்னாவும் நானும் பின்னாடி ஒரு ஜன்னலோரம் எதிரெதிர்ல உக்காந்தோம். பெரில் அப்பாவோட பெட்டியைத் தூக்கிக் குடுக்க மட்டும் வந்திருந்தா. சாம்பக்கலர் மழைக்கோட்டு, அழுது வீங்கின மூக்கு. எங்க ஜன்னலுக்கு நேரா வந்து நின்னா, ஆனா எட்னாவைப் பாக்காம என்னை மட்டும் பாத்து, "போய்ட்டு வாங்க அத்தை"ன்னா.

ஜூலை மாசம். எட்னா காப்பிக்கலர் கோட்டைக் கழுத்து வரைக்கும் பூட்டிட்டு வேர்த்து ஊத்திட்டு உக்காந்திருக்கா. கோட்டுக் கை ஓரத்துல பாத்தேன். அரை அங்குலம் நீலம்.

"ஏண்டி, குடுக்கலையா?"

"குடுக்கல."

"நேத்தே குடுத்திருந்தா இந்நேரம் அவ சிரிச்சிட்டு நிப்பாளேடி!"

"குடுக்கத்தான் கொண்டு போனேன் ஹில்டா. கழட்ட மனசு வரல. படுத்ததும் இதோடதான்." கையால முழங்காலைப் புடிச்சுக்கிட்டா. "எனக்கு எரியுது. அவ அடுப்பு முன்னாடி நின்னு சிரிச்சா பாரு, அப்ப இருந்து எரியுது. எனக்கும் ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் அப்படி இருந்திருக்கலாம்ல? அவளுக்கு மட்டும் டீனேஜர்னு பேப்பர்ல பேரெல்லாம் போடறான். எனக்கு யாரு பேரு வெச்சா?"

ரயில் கார்டு கதவுங்களை அடிச்சுச் சாத்திட்டு வர்ற சத்தம் கேட்டுது. பெரில் இன்னும் அங்கயேதான் நின்னா. தொண்டை வரைக்கும் பொத்தான் போட்ட மழைக்கோட்டுல. அதைப் பாத்தாளோ என்னமோ, எட்னா சட்டுனு எந்திரிச்சா. காப்பிக்கலர் கோட்டைப் பிச்சு எறியற மாதிரி கழட்டினா. பக்கத்துல உக்காந்திருந்த ஆள், "என்னம்மா, இங்கயே கடல்ல இறங்கப் போறியா?"ன்னு கேட்டான். நான் அவன் காலை மிதிச்சேன். நீலக் கோட்டைக் கழட்டி, தோல் வாரை இழுத்து ஜன்னலை இறக்கி, தங்கச்சி கையில திணிச்சா.

"பத்தரை வண்டி. ஓடு."

பெரில் கோட்டையும் பாத்தா, அக்காவையும் பாத்தா. ஒண்ணும் புரியல. இஞ்சின்காரன் நீராவியைத் திறந்து விட்டான், காது அடைச்சுப் போச்சு. எட்னா ஜன்னலை ஏத்திட்டா. ஏத்தினப்புறம்தான் அவளுக்குத் தைரியம் வந்துச்சு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு, தறிக்கூடத்துல பேசற மாதிரி, வாயை அகலத் திறந்து, சத்தம் இல்லாம சொன்னா.

"அப்பா எந்திரிச்சதைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் சொன்னேன்."

பெரிலுக்கு அந்தப் பேச்சு தெரியும். சின்ன வயசுல சேப்பல்ல பிரசங்கம் நடக்கறப்ப அக்கா தங்கச்சி ரெண்டும் அப்படித்தான் பேசிட்டு உக்காந்திருக்கும். அவ மூஞ்சி மாறினதைப் பாத்தேன். புதன்கிழமை நான் பரிஞ்சு பேசினது எனக்கு ஞாபகம் வந்துச்சு.

வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நகந்துச்சு. பெரில் மழைக்கோட்டை அப்படியே தரையில விட்டா. நீலக் கோட்டைப் போட்டா. காலரைத் தூக்கி விட்டா. எட்னா சூடு அதுல இன்னும் இருந்திருக்கணும், ஒரு நிமிஷம் ரெண்டு கையாலயும் தன்னைக் கட்டிப் புடிச்சு நின்னா. அப்புறம் எங்க ஜன்னலை நேராப் பாத்துக்கிட்டே, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல, மெதுவா ஒரு சுத்து சுத்திக் காட்டினா. நல்லாப் பாத்துக்கோன்னு அன்பாக் காட்டினாளா, பாத்து வயிறெரின்னு காட்டினாளா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. உதடு அசையவே இல்ல.

முன்னாடி பெட்டியில இருந்து வால்ட்டர் தலையை வெளிய நீட்டிக் கத்தறது கேட்டுது. மேஸ்திரிங்க சிரிக்கறதும் கேட்டுது. வண்டி நிக்குமா?

எட்னா உக்காந்தா. காப்பிக்கலர் கோட்டை மடியில வெச்சுக்கிட்டா, மாட்டிக்கல. சட்டை முதுகோட ஒட்டிப் போயிருந்துச்சு. மில்லு புகைபோக்கி எல்லாம் தாண்டற வரைக்கும் வெளிய பாத்துட்டே வந்தா. நான் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிச்சேன். அவ எடுத்துக்கல.

"ஹில்டா."

"என்னடி?"

"உண்மையைச் சொல்லு. கோட்டுத் தோளு எனக்குத்தானே அவளை விட நல்லா இருந்துச்சு?"

"ஆமாண்டி, உனக்குத்தான்"னேன்.